கலுகேர் முனையில் இரண்டு நிமிடம்

மோர்னிட்சா கிராமத்திலிருந்து முதல் பேருந்து காலை ஆறு ஐந்துக்குக் கிளம்பும். கடலோரப் பாறைகளை ஒட்டியே வளைந்து வளைந்து போய், ஆறு நாற்பத்தைந்துக்கு நகரத்து நிலையத்தில் நிற்க வேண்டும். நடுவில் உள்ள நிறுத்தங்களுக்கு நேரம் என்று எதுவும் கிடையாது. ஆள் நின்றால் ஏற்றிக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். பதினாறு வருடங்களாக வெலிச்காதான் அதை ஓட்டுகிறாள். இரவில் வண்டி அவள் வீட்டு வாசலிலேயே நிற்கும். கழுவுவது, கண்ணாடி துடைப்பது, டிக்கெட் கிழிப்பது எல்லாம் அவள் பாடு.

பாதி வழியில் கலுகேர் முனை வரும். அங்கே சாலை கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல் ஒரு திருப்பம் திரும்பும். ஒதுங்கி நிற்க இடம் உண்டு. பதினோரு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் எஞ்சின் கொதித்துப்போய் வெலிச்கா அங்கே வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சாவியைத் திருப்பி அணைத்தாள். பின்னால் யாராவது முணுமுணுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அத்தனை பேரும் வலப்பக்கத்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடல் விளிம்பில் சூரியன் பாதி வெளியே வந்து நின்றது.

மறுநாள் எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நிறுத்தினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் இரண்டு நிமிடம், சில நாள் இரண்டரை.

எல்லா நாளும் சூரியன் கிடைத்துவிடாது. டிசம்பரில் அந்த நேரத்துக்குக் கும்மிருட்டு. கலங்கரை விளக்கின் ஒளி மட்டும் வந்து வந்து போகும். ஜூன் மாதத்தில் வண்டி போய்ச் சேருவதற்குள் சூரியன் ஒரு ஆள் உயரம் ஏறிவிட்டிருக்கும். ஏப்ரல் கடைசியில் நாலைந்து நாள், ஆகஸ்டில் நாலைந்து நாள், அந்த நாட்களில் மட்டும் பேருந்தும் சூரியனும் சொல்லி வைத்தாற்போல் ஒரே நேரத்தில் வந்து சேரும். அந்த வாரத்தில் முதல் பேருந்துக்காரர்கள் யாரும் விடுப்பு எடுக்க மாட்டார்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று வெலிச்காவுக்குக் கண்ணாடியில் தெரியும். மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்கும் ஆல்பேனா சிலுவை போட்டுக்கொள்வாள். மீன் சந்தைக்குப் போகும் ஷெஃப்கெட் இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்து உதட்டை அசைப்பான். அப்பம் சுட்டு நகரத்துக்கு விற்கக் கொண்டுபோகும் ஸ்லாவ்காவுக்கு சர்ச்சும் கிடையாது, மசூதியும் கிடையாது. "எனக்கு சாமியெல்லாம் ஆகாது. ஆனா இந்த ரெண்டு நிமிஷம் என் வாய மூடி வைக்கிற சாமி எதுவோ அது பெரிய சாமிதான்" என்பாள்.

வெலிச்கா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். முந்தின நாள் யார்மேல் எரிந்து விழுந்தோம் என்று ஒரு நிமிடம் யோசிப்பாள். தினமும் யாராவது ஒருத்தர் நிச்சயம் அகப்படுவார். பிறகு, இன்றைக்கு இவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கணும் என்று நினைத்துக்கொள்வாள். மிச்ச நேரம் வெறுமனே பார்ப்பாள். அந்த நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வாயகன்ற பாத்திரம்போலத் திறந்துகொள்ளும். அதற்கு என்ன பெயர் என்று அவள் தேடியதில்லை. சாவியைத் திருப்புவாள், வண்டி உறுமும், ஸ்லாவ்காவின் வாயும் திறந்துகொள்ளும்.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மதியம், பணிமனை மேலாளர் டெர்ஸியேவ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு கடிதம். மோர்னிட்சாவுக்கு மேலே புதிதாக மாளிகை கட்டியிருக்கும் ஒருவர், காரை ரிப்பேருக்கு விட்டிருந்த அன்று முதல் பேருந்தில் வந்திருக்கிறார். ஓட்டுநர் நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஜெபம் செய்கிறார் என்று எழுதியிருந்தார்.

"ஏம்மா, இது நிஜமா?" என்றார் டெர்ஸியேவ்.

"ஜெபமெல்லாம் இல்ல சார்."

"பின்ன என்ன? வண்டியில மாட்டியிருக்கிற கருவி காட்டுதே. கலுகேர் முனையில தினமும் ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டு வண்டி நிக்குது. ஆறு நாப்பத்தஞ்சுக்கு வர வேண்டியது நாப்பத்தெட்டுக்கு வருது. அங்க என்னதான் பண்றீங்க?"

வெலிச்கா யோசித்துப் பார்த்தாள்.

"சும்மா இருக்கோம் சார்."

"சும்மா இருக்கவா அரசாங்கம் டீசல் போடுது?"

"எஞ்சின அணைச்சிட்டுத்தான் சார் சும்மா இருக்கோம்."

டெர்ஸியேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடக்கிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. கடிதத்துக்குப் பதில் எழுதியாக வேண்டியவர். "இங்க பாரும்மா, இந்த வாரம் ஒரு பரிசோதகர் உன் வண்டியில வருவாரு. எந்த நாள்னு எனக்கே தெரியாது. ஏறுறவங்க இறங்குறவங்க இல்லாம வண்டி எங்கயும் நிக்கக்கூடாது. நேரத்துக்கு வரணும். இல்லன்னா அந்தப் பாதைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. என் கையில இல்ல."

புதன்கிழமை காலை, வண்டி கிளம்புவதற்கு முன்பு வெலிச்கா எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். கலுகேர் முனை வந்தது. திருப்பத்தில் வேகத்தைக் குறைத்து, வளைத்து, நேராகப் போய்விட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது எல்லோருடைய தலையும் ஒருசேர வலப்பக்கம் திரும்பி, சூரியனைப் பின்னால் விட்டுப் போகிற வரைக்கும் கழுத்து வளைந்து, பிறகு மெல்ல நேரானது. நிலையத்துக்கு ஆறு நாற்பத்தைந்துக்குக் கரெக்டாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்றைக்கெல்லாம் அவளுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. மதிய வண்டியில் சில்லறை இல்லாத ஒரு மாணவியிடம் கத்தினாள். சாயங்காலம் சூப்பில் உப்பு போட மறந்துவிட்டு, அதைச் சொன்ன கணவர் ஓக்னியானிடம், "வேணும்னா நீங்களே போட்டுக்குங்க, கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தாள்.

அவர் உப்பைப் போட்டுக்கொண்டு கேட்டார். "இன்னிக்கு முனையில நிக்காம வந்துட்டியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சளி புடிச்சு ஒரு வாரம் வண்டி எடுக்காம கிடந்தியே, அந்த வாரம் நீ என்ன பாடு படுத்தினேன்னு எனக்குத்தானே தெரியும்!"

வியாழனும் அப்படியே போயிற்று. பரிசோதகர் வரவில்லை. அன்று சாயங்காலம் வெலிச்கா வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்லாவ்கா வந்தாள். அவள் மட்டும் வரவில்லை. பின்னால் ஷெஃப்கெட், ஆல்பேனா, கொத்தனார் வேலைக்குப் போகும் இரண்டு சகோதரர்கள், பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா என்று பாதி வண்டி வந்து நின்றது.

"ஏய் வெலிச்கா, தண்ணிய மூடு. உன் சீட்டுக்குப் பின்னால ஒரு பாதைப் பட்டியல் தொங்குதே, அத என்னிக்காவது படிச்சிருக்கியா?" என்றாள் ஸ்லாவ்கா.

"பதினாறு வருஷமா அது தொங்குதுக்கா. அத எதுக்குப் படிக்கணும்? வழி எனக்குத் தெரியாதா?"

"போய்ப் படி."

வெலிச்கா ஏறிப் போய்ப் பார்த்தாள். மஞ்சளேறிய தாள். வரிசையாக நிறுத்தங்களின் பெயர்கள். ஆறாவது வரியில், 'கலுகேர் முனை: பயணி மணி அடித்தால் நிற்கும்' என்று இருந்தது.

அவள் தாளைப் பிடித்தபடியே திரும்பினாள். ஸ்லாவ்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் பதினெட்டு வயசுல அங்க தொழிலாளர் விடுமுறை முகாம் ஒண்ணு இருந்துச்சு. சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிச்சேன். தினமும் அங்கதான் இறங்குவேன். முகாம இடிச்சிட்டாங்க. பஸ் ஸ்டாப்ப எடுக்க ஒருத்தனும் வரல. இப்பத்தான் போய் முள்ளுப் புதர விலக்கிப் பாத்துட்டு வர்றோம். துருப்புடிச்ச பலகை இன்னும் நிக்குது."

"இறங்குறவங்க இருந்தா நிக்கலாம்னு தானக்கா மேலாளர் சொன்னாரு?" என்றான் ஷெஃப்கெட். "நாங்க இறங்குறோம். எறங்கி ஏறுறோம்."

வெலிச்காவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே முகம் சுருங்கியது. "நிக்கலாம் சரி. ஆனா மூணு நிமிஷம் லேட்டாகுமே. அத எங்க போய்ப் புடிக்கிறது?"

"அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றாள் ஸ்லாவ்கா. "நேரத்தத் தின்னுறதே நாமதான். என் அப்பத் தட்டு பதினாலு. ஒவ்வொண்ணா நானே தூக்கி ஏத்துறேன். நாளைக்கு இந்தத் தடிப்பயலுங்க ரெண்டு பேரும் கைமாத்தி ஏத்தணும். ஆல்பேனா, நீ பர்சுக்குள்ள தலைய விட்டுத் தேடுவியே, இன்னிக்கே டிக்கெட்ட வாங்கி வெச்சுக்க. எல்லாரும் வாங்குங்க. சமையல்காரம்மா, பஸ் வந்து நின்ன பிறகு பக்கத்து வீட்டம்மாகிட்ட சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறது இனிமே வேண்டாம். வர்றதுக்கு முன்னாலயே சண்டைய முடிச்சுக்க. அப்புறம் நீ..."

எல்லோரும் ஷெஃப்கெட்டைப் பார்த்தார்கள். தினமும் ஒரு பூட்ஸை மாட்டி இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறவன் அவன்தான். அவனுக்காக வெலிச்கா தினமும் ஒரு நிமிடம் காத்திருப்பாள்.

"நான் விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு நமாஸ் பண்றவன்" என்றான் அவன் ரோஷமாக.

"பண்ணிட்டுத் திரும்பப் படுத்துருவான்" என்றாள் ஆல்பேனா. கொத்தனார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வெலிச்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, பேருந்தின் படியில் ஷெஃப்கெட் உட்கார்ந்திருந்தான். இரண்டு காலிலும் பூட்ஸ். "மணி என்னக்கா? அஞ்சே முக்கால்தானா?" என்று பெருமையாகக் கேட்டான்.

ஆறு மணிக்கு ஒரு கார் வந்து தள்ளி நின்றது. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஒரு மனிதர் இறங்கி வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார். கையில் ஒரு டேப்லெட் கணினி. கழுத்தில் டை.

"மோர்னிட்சால எவன்டா டை கட்டிக்கிட்டு பஸ் ஏறுறான்!" என்று ஸ்லாவ்கா ரகசியம்போலச் சொன்னது வண்டி முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் லூபென், பரிசோதகர். அவர் காதுகூடச் சிவந்தது.

பதினாலு தட்டும் கண்மூடித் திறப்பதற்குள் ஏறின. ஒருத்தரும் பர்சைத் திறக்கவில்லை. ஆறு ஐந்துக்கு வண்டி நகர்ந்தது. இரண்டு பக்கமும் எண்ணெய்க்கடுகு வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. திராட்சைத் தோட்ட நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் தாவி ஏறினார்கள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா சாலையோரத்தில் ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கிறவள்போல ஒரு காலை முன்னால் வைத்து நின்றாள். அவள் ஏறியதும் கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. வெலிச்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று நிமிடத்துக்கும் மேலே கையில் இருந்தது.

முனை நெருங்கியது. கிழக்கே வானம் பழுத்துக்கொண்டிருந்தது. மணி அடிப்பார்களா, கடைசி நிமிடத்தில் அந்த டையைப் பார்த்துப் பயந்துவிடுவார்களா?

மணி அடித்தது. ஒருமுறை அல்ல. வண்டியில் இருந்த அத்தனை பொத்தான்களையும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். கோழிக் கூண்டுக்குள் நரி புகுந்ததுபோல ஒரு சத்தம்.

வெலிச்கா ஒதுக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கதவைத் திறந்தாள். உப்புக் காற்று உள்ளே வந்தது.

லூபென் எழுந்தார். "இங்க யார் இறங்கறது?"

"நான்தான்" என்றாள் ஸ்லாவ்கா.

"இங்க என்ன இருக்கு?"

"கடல் இருக்கு."

"மணி பத்துத் தடவ அடிச்சுதே, மத்தது யாரு?"

"நாங்க" என்று எல்லோரும் எழுந்தார்கள். ஒன்பது பேர். வரிசையாக இறங்கினார்கள்.

"எறங்கிட்டு... திரும்ப ஏறுவீங்களா?"

"வேலைக்குப் போகணுமே சார், ஏறாம?" என்றான் ஷெஃப்கெட். "டிக்கெட் இருக்கு."

வண்டிக்குள் வெலிச்காவும் பரிசோதகரும் மட்டும் இருந்தார்கள். வெலிச்கா எழுந்தாள். பதினோரு வருடமாகக் கண்ணாடி வழியாகவே பார்த்த இடம். ஒருநாள்கூட இங்கே கால் வைத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "நீங்களும் வாங்க சார். உள்ளயிருந்து பாத்தா என் கண்ணாடி அழுக்குதான் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

தரையில் பனி ஈரம். செருப்பையும் தாண்டி விரலில் சில்லென்று ஏறியது. கீழே பாறையில் அலை மோதுகிற சத்தம், வண்டிக்குள் ஒருநாளும் கேட்காத சத்தம், நிதானமாக வந்து வந்து போயிற்று. மீன்பிடிக் கம்பங்களின்மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காத்துக்கொண்டிருந்தன. யாரும் பேசவில்லை. எல்லோரும் ஓரமாக, ஒருவர் தோள் ஒருவர்மேல் படாத குறையாக நின்றார்கள்.

விளிம்பில் ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது. அது நகம் அளவாகி, பிறகு கையளவாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரிலிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது. வெளிச்சம் கடல்மேல் ஓடி வந்து அவர்கள் காலடியில் நின்றது. ஆல்பேனா சிலுவை போட்டாள். ஷெஃப்கெட் கையை விரித்தான். வெலிச்கா அன்றைக்கு யாரையும் யோசிக்கவில்லை. மாணவியும் உப்பும் ஓக்னியானும் தானாகவே வந்துவிட்டுப் போனார்கள். உடம்பு முழுக்க இளஞ்சூடு பரவியது. இருக்கிறேன் என்று நினைத்தாள். இவர்களும் இருக்கிறார்கள். அந்த நினைப்பே அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தலைக்கு மேலே நாரைக் கூட்டம் ஒன்று வடக்கே போயிற்று. முப்பது நாற்பது இருக்கும். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்போதுதான் வெலிச்கா கவனித்தாள்: பரிசோதகர் கீழே இறங்கி அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டேப்லெட் அக்குளில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்று கிசுகிசுத்தார். "பாட்டு, ஜெபம், எதுவும் சொல்ல மாட்டீங்களா?"

"அவங்கவங்க உள்ளுக்குள்ள சொல்லிக்குவோம் சார்" என்றான் ஷெஃப்கெட். "ஏன், உங்களுக்கு ஒண்ணும் வரலியா?"

லூபென் கடலைப் பார்த்தார். "வந்துச்சு. அம்மாவுக்கு போன் பண்ணி ரெண்டு மாசமாச்சேன்னு வந்துச்சு."

"அதேதான் சார். இங்க வர்றது எல்லாம் அந்த மாதிரிதான்" என்றாள் ஆல்பேனா.

"ஏறுங்க ஏறுங்க!" என்று ஸ்லாவ்கா கத்தினாள். "நேரம் ஓடுது! சார், நீங்களும்தான். உங்க டை பாறையில மாட்டிக்கப் போவுது."

மீதி வழி முழுக்க வண்டியில் ஒரே கலகலப்பு. ஸ்லாவ்கா ஒரு தட்டைத் திறந்து, பாலாடைக்கட்டி அப்பத்தைப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தாள். மிச்சமிருந்த சிவப்பு ஈஸ்டர் முட்டை ஒன்றைப் பரிசோதகர் கையில் வைத்து, யாருடையது உடையாமல் நிற்கிறது என்று பார்க்கும் ஈஸ்டர் வழக்கப்படி தன்னுடையதால் முட்டினாள். அவளுடையது உடைந்தது. "பாத்தியா, அரசாங்கத்து முட்டை கெட்டி!" என்றாள். லூபென் வாய்விட்டுச் சிரித்தார். டேப்லெட்டின்மேல் அப்பத் துகள் உதிர்ந்துகொண்டிருந்தது, அவர் தட்டிவிடவில்லை.

நிலையத்தில் வண்டி நின்றபோது பெரிய கடிகாரத்தில் ஆறு நாற்பத்துநாலு. கொத்தனார் சகோதரர்கள் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா வெலிச்காவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு இறங்கினாள். லூபென் கடைசியாக இறங்கினார். கையெழுத்துக் கேட்டு ஏதாவது நீட்டுவார் என்று வெலிச்கா நினைத்தாள். அவர் காதில் போனை வைத்துக்கொண்டே, "அம்மா, தூங்கிட்டிருந்தியா?" என்றபடி நடந்து போனார்.

மதியம் டெர்ஸியேவ் அவளைக் கூப்பிட்டார். எதிரே பரிசோதகரின் அறிக்கை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஒரு நிமிஷம் முன்னாலயே வந்திருக்கு. நல்லது. கலுகேர் முனை, அங்கீகரிக்கப்பட்ட நிறுத்தம்னு எழுதியிருக்கான். பழைய பட்டியல எடுத்துப் பாத்தேன், நிஜந்தான். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் புரியல."

"என்ன சார்?"

"ஒன்பது பேர் இறங்கினாங்கன்னு எழுதியிருக்கான். ஏறுனது பத்துப் பேர். காட்டுக்குள்ள இருந்து ஒரு ஆளு வந்து ஏறுச்சா?"

வெலிச்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இறங்கும்போது அவரு தன்னத்தானே எண்ண மறந்துட்டாரு சார்."

டெர்ஸியேவ் கடிதத்தின்மேல் அறிக்கையை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கோப்புக்குள் போட்டு மூடினார். "மாளிகைக்காரருக்கு நான் பதில் எழுதிக்கறேன். நீங்க இறங்குங்க, ஏறுங்க. நேரத்துக்கு வந்துருங்க. நாளைக்கு எனக்குப் பேத்திய அழைச்சுக்கிட்டு மோர்னிட்சா போற வேலை இருக்கு. காலையில அங்கேருந்து திரும்பணும்னா... முதல் வண்டியில இடம் இருக்குமா?"

"இருக்கும் சார். ஆனா டிக்கெட்ட மொதல் நாளே வாங்கிடுங்க. ஸ்லாவ்கா அக்கா திட்டுவாங்க."

திங்கட்கிழமை காலை மழை. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்து கிடந்தன. கலங்கரை விளக்குகூட மங்கலாகத்தான் தெரிந்தது. முனை நெருங்கும்போது, இன்றைக்கு யார் இறங்கப்போகிறார்கள், நேராகவே போய்விடலாம் என்று வெலிச்கா நினைத்தாள். கால் ஆக்சிலரேட்டரை மிதித்திருந்தது.

மணி அடித்தது. கண்ணாடியில் பார்த்தாள். ஷெஃப்கெட் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆல்பேனா ஒரு பெரிய குடையை விரிக்கத் தயாராகப் பிடித்திருந்தாள். வண்டி முழுக்க எழுந்து நின்றது.

"மழையில என்னத்தப் பாக்கப் போறீங்க?" என்று வெலிச்கா கத்தினாள்.

"மழையத்தான்!" என்றாள் ஸ்லாவ்கா. "கதவத் தொற!"

கதவைத் திறந்தாள். நாலு குடைக்குக் கீழே பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஸ்லாவ்கா தலையில் வெறும் தட்டு ஒன்றைக் கவிழ்த்திருந்தாள். மழை அதன்மேல் தாளம் போட்டது. யாரும் பேசவில்லை. தண்ணீர் தண்ணீர்மேல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெலிச்கா குடைக்கு வெளியே முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். மழை நெற்றியில், இமையில், உதட்டில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.